நாலு மணி நேரம் ஜெபத்தில் உட்காருவது எப்படி? – வாசகர் கேள்வி பதில்

திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் இந்த வருடம் சபை முகாமுக்குப் போக வழியில்லை. வீட்டிலேயே ஒரு காலைப்பொழுது முழுவதும் ஜெபிக்கலாம் என்றிருக்கிறேன். ஆனால் இருபது நிமிடத்தில் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லி முடிந்துவிடுகிறது. மீதி நேரம் என்ன செய்வது?
– வாசகி, ரங்கூன்

இருபது நிமிடத்தில் தீர்ந்துபோவதில் குறை ஒன்றும் இல்லை, சகோதரி. நீண்ட ஜெபத்தில் பேச்சுக்குக் கால் பங்குதான். மீதி வாசிப்பு, பாட்டு, மௌனம், எழுத்து, கொஞ்சம் நடை. இது தெரியாமல் உட்காருகிறவர்கள் விண்ணப்பங்களை முதல் அரை மணியிலேயே ஒப்பித்துவிடுகிறார்கள். பிறகு அதையே இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு எழுந்து போகிறார்கள்.

காலை 6 மணி முதல் 10 மணி வரை வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் அதற்கு மேல் வெயில் தாங்காது, தெருவில் தண்ணீர் மண்டபத்து ஒலிபெருக்கியும் விடாது. முந்தின இரவே வாசிக்கப்போகும் பகுதிகளுக்கு அடையாளம் வைத்துவிடுங்கள். ஒரு நோட்டு, பேனா, ஒரு லிட்டர் தண்ணீர், கைக்கடிகாரம் எடுத்து வையுங்கள். மணி பார்க்கக் கைபேசி வேண்டாம். மணி பார்க்க எடுத்த கை செய்தியையும் பார்க்கும். வேதாகமமும் அச்சுப் புத்தகமாகவே இருக்கட்டும். பத்து மணி வரை கூப்பிட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் 20 நிமிடம் எதுவும் கேட்காதீர்கள். தெரிந்த பாட்டு ஒன்றை மெல்லப் பாடி, 103-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு இரண்டு முறை வாசியுங்கள். அதற்குள் பால்காரர் பாக்கி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று ஒவ்வொன்றாகத் தலைதூக்கும். தனித்தாளில் ஒரு வரி குறித்துவிட்டு விட்டுவிடுங்கள். குறித்துவைத்ததை மனம் அவ்வளவாக நச்சரிப்பதில்லை.

அடுத்த ஒரு மணி நேரம் வாசிப்பு. இதுதான் நாலு மணி நேரத்துக்கும் முதுகெலும்பு. பத்துப் பதினைந்து வசனங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். குருடனான பர்திமேயுவைப் பற்றிய மாற்கு 10:46–52 ஏழே வசனம், தாராளமாகப் போதும். முதல் தடவை சத்தமாக வாசியுங்கள். இரண்டாம் தடவை வாசிக்கையில் எந்தச் சொல் பிடித்து நிறுத்துகிறதோ அங்கேயே நின்றுகொள்ளுங்கள். மூன்றாம் தடவை அந்த வரியையே கர்த்தரிடம் திருப்பிச் சொல்லுங்கள். “நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?” என்று இயேசு அவனிடம் கேட்டது உங்களிடம் கேட்டதாக இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? நாலாம் தடவை வாசித்துவிட்டுச் சும்மா இருங்கள். வாசிப்பு, தியானம், ஜெபம், மௌன நோக்கு என்று இந்த நாலு படிகளையும் 12-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டாம் கீகோ என்ற கார்த்தூசியத் துறவி எழுதி வைத்தார். இந்த ஒரு மணியில் எட்டு அதிகாரம் படித்து முடிப்பவர்களும், விளக்கவுரையைத் திறந்து வைத்துக்கொள்பவர்களும் உண்டு. அது வேதபாடம். நல்ல காரியம்தான், வேறு நாளில் செய்யலாம்.

பிறகு 15 நிமிடம் மாடியிலோ வராந்தாவிலோ நடங்கள். அடுத்த 40 நிமிடம் பாவ அறிக்கைக்கும் நன்றிக்கும். 51-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். யாரிடமாவது மன்னிப்புக் கேட்க வேண்டியிருப்பது நினைவுக்கு வந்தால் பெயரை எழுதுங்கள், உடனே தொலைபேசியை எடுக்காதீர்கள். அந்தப் பேச்சு எங்கே போய் முடியுமோ தெரியாது, அன்றைய காலை அதோடு போய்விடும். நன்றி சொல்லும்போது “எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்” என்று மொத்தமாக முடிக்காமல், போன மாதத்தில் நடந்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மறுபடி 15 நிமிட ஓய்வு.

மற்றவர்களுக்கான மன்றாட்டு இதற்குப் பிறகுதான், 45 நிமிடம். ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் பதினைந்து பேர். அதற்கு மேல் எழுதினால் பெயர் வாசிப்பாகத்தான் இருக்கும். என்ன கேட்பது என்று தெரியாதவர்களுக்காக எபேசியர் 3:14–21, கொலோசெயர் 1:9–12 பகுதிகளில் பெயரை வைத்து ஜெபியுங்கள். மன்றாட்டை முதலில் வைத்தால் கவலை முழுக்க மேலே வந்து நேரத்தைத் தின்றுவிடும், அதனால்தான் பிந்தி வைக்கச் சொல்கிறோம். கடைசியில் 25 நிமிடம் மௌனம், 20 நிமிடம் எழுத்து. மௌனத்துக்கு 25 நிமிடம் பெரிதாகத் தெரிந்தால் பத்தாக்கிக்கொண்டு, மீதியை எழுதுவதில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும். இன்று வரை இருபது நிமிடம் ஜெபித்தவர் நாளைக்கே நாலு மணி நேரம் உட்கார்ந்தால் பெரும்பாலும் பாதியில் சலித்துவிடுவார். திஞ்ஞானுக்கு முந்தின ஒரு சனிக்கிழமை ஒன்றரை மணி நேரம் செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வருகிறது. தூங்காவிட்டால் மனம் அலைகிறது. வயது 61.
– வாசகர், மோல்மேன்

கெத்செமனேயில் சீஷர்களே தூங்கினார்கள் ஐயா, நீங்கள் தனியாக இல்லை.

முதலில் எந்தத் தூக்கம் என்று பாருங்கள். ராத்திரி ஐந்து மணி நேரம்தான் தூங்கினீர்கள் என்றால் உடம்பு கடனைக் கேட்கிறது. அலாரம் வைத்து 20 நிமிடம் படுத்து எழுந்து ஜெபியுங்கள். 1 இராஜாக்கள் 19-இல் சோர்ந்து சூரைச்செடியின் கீழே படுத்த எலியாவுக்குத் தூதன் இரண்டு தடவை சாப்பாடு கொடுத்தான், நடுவே தூங்கவும் விட்டான். ஓரேபில் கர்த்தர் பேசியது அதற்குப் பிறகுதான்.

போதிய அளவு தூங்கியும் கண் சொக்கினால் நேரமும் இருக்கையும்தான் காரணம். சோறு சாப்பிட்ட பிறகு இரண்டு மணி நேரத்துக்கு நீண்ட ஜெபம் வைக்காதீர்கள். இருபது, இருபத்தைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நிலையை மாற்றுங்கள்: நாற்காலி, முழங்கால், நிற்பது, நடப்பது. உங்கள் வயதில் வெறும் தரையில் முழங்காலிட்டால் பத்து நிமிடத்தில் வலிதான் ஜெபமாக இருக்கும். தலையணை போடுங்கள், அல்லது கட்டில் ஓரத்தில் கை ஊன்றிக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஜெபிக்காமல் உதடு அசையச் சொல்லுங்கள்.

அலைகிற மனதோடு சண்டை போடாதீர்கள். “இப்படி அலைகிறேனே” என்று நொந்துகொள்வதும் இன்னொரு அலைச்சல்தான். எந்த வசனத்தில் விட்டீர்களோ அங்கே திரும்புங்கள், ஐம்பது தடவை ஆனாலும் சரி. ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்து குறுக்கிட்டால், அதுவே ஜெபிக்க வேண்டிய விஷயமாக இருக்கலாம்.

வியாழன் இரவு நற்கருணை முன் ஒரு மணி நேரம் இருப்பது என் வழக்கம். சில மாதமாக ஒன்றும் உணர்வதில்லை. ஜெபமாலை சொல்லி முடித்து அரை மணியில் எழுந்துவிடத் தோன்றுகிறது.
– வாசகி, ஞாங்லேபின்

எழுந்து போகாதீர்கள். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் இதற்கு ஒரு விதியே சொல்கிறார்: வறட்சியான நேரத்தில் அந்த மணி முடிந்த பிறகும் கொஞ்சம் கூடுதலாக இருங்கள். வறட்சி வரும்போதெல்லாம் நேரத்தைக் குறைத்தால், அடுத்த முறை அது இன்னும் சீக்கிரம் வரும்.

அவர் சொன்ன இன்னொன்றைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஜெபம் முடிந்த பிறகு உட்கார்ந்தோ நடந்தோ கால் மணி நேரம், அந்த ஒரு மணி எப்படிப் போனது என்று திரும்பிப் பார்ப்பது. எங்கே மனம் தங்கியது, எங்கே விலகியது, எதனால் என்று இரண்டு வரி எழுதுங்கள். நாலு வியாழன் எழுதினால் காரணம் கண்ணில் படலாம். வறட்சிக்கு அவர் மூன்று காரணம் காட்டுகிறார்: நம் அசட்டை, நாம் எவ்வளவு தாங்குவோம் என்ற சோதனை, ஆறுதல் நம் சம்பாத்தியம் இல்லை என்று உணர்த்துவது. முதல் காரணம் என்றால் திருத்திக்கொள்ளலாம். மற்ற இரண்டிலும் பொறுத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளாக ஐந்து தொகுதி சொல்ல இருபது நிமிடம்தான் ஆகும். அதை முதலில் முடித்துவிடாமல் நடுவில் வைத்துப் பாருங்கள். முன்னே ஒரு திருப்பாடல், பின்னே மௌனம்.

சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். தண்ணீரும் குடிக்காமல் ஒரு நாள் உபவாச ஜெபம் செய்யலாமா?
– வாசகர், சிரியம்

செய்யாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கும் கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் வெறும் வயிற்றில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அதற்குப் பயந்து தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும் தவறு. எந்த உபவாசமானாலும் மருத்துவரைக் கேட்டுத்தான். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் ஜெபத்தை அங்கேயே நிறுத்தி, மூன்று தேக்கரண்டி சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைச் சோதித்து, 70 mg/dL-க்குக் கீழே இருந்தால் மறுபடி குடியுங்கள். பிறகு சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும்கூட உணவை விட வேண்டாம். தானியேல் 10-இல் அவர் மூன்று வாரம் விட்டது ருசியான அப்பம், இறைச்சி, திராட்சரசம் மட்டுமே. அந்த வகை உபவாசம் உங்களுக்குப் பொருந்தும்.

உடல்நலம் உள்ளவர்களுக்கும் கோடைச் சூட்டில் தண்ணீரில்லா உபவாசத்தை நாங்கள் சிபாரிசு செய்வதில்லை. இரண்டு லிட்டராவது குடியுங்கள். உபவாச நாளில் வரும் தலைவலிக்குப் பசியைவிடத் தேநீர் குடிக்காததுதான் பல பேருக்குக் காரணம். தேநீர்க்கடைப் பழக்கம் உள்ளவர்கள் ஐந்து நாள் முன்பிருந்தே ஒவ்வொரு கோப்பையாகக் குறைத்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது கஞ்சி, பப்பாளி. பிரியாணியும் தேங்காய்ப்பால் கௌஸ்வேயும் மறுநாளைக்கு.

எங்கள் வீட்டு ஜெபக்குழுவில் முழு இரவு ஜெபம் வைக்கிறோம். ஒரு மணிக்குப் பாதிப் பேர் சாய்ந்துவிடுகிறார்கள்.
– வாசகர், பெகு

பன்னிரண்டு பேரைத் தெரிந்துகொள்வதற்கு முந்தின இரவு முழுவதும் இயேசு ஜெபித்தார் என்று லூக்கா 6:12 சொல்கிறது. ஆனால் அவர் தனியாகப் போனார். கூட்டமாகச் செய்யும்போது ஏற்பாடு வேண்டும்.

ஐம்பது நிமிட ஜெபம், பத்து நிமிட இடைவெளி என்று பிரியுங்கள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பொருள், நடத்த ஒருவர். நீண்ட செய்தியும் மௌனமும் 12 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். 2 முதல் 4 வரைதான் உடம்பு மிகவும் தளரும் நேரம். அப்போது நின்று பாடுவது, மாறி மாறிச் சங்கீதம் வாசிப்பது, ஆளுக்கு ஒரு வரி ஜெபம் என்று வையுங்கள். எல்லோரும் அன்று மதியம் ஒன்றரை மணி நேரம் தூங்கி வரட்டும். இரவுச் சாப்பாடு பாதி வயிறு, நடுவில் இஞ்சித் தேநீர். விண்ணப்பம் சொல்வது ஆளுக்கு இரண்டு வாக்கியம். இதில்தான் பாதி இரவு கதையாகப் போகிறது.

இரவு தங்குகிறவர்களின் பெயரை முன்கூட்டியே வார்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். ஊரடங்கு இருந்தால் விடியும் வரை யாரும் கிளம்ப வேண்டாம். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. கரண்ட் போகும் என்றே வைத்துக்கொண்டு பேட்டரி விளக்கு வாங்குங்கள். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர்கள் நடுவே மெழுகுவத்தி வேண்டாம். காலையில் யாரும் தூங்காத கண்ணோடு மோட்டார் சைக்கிள் ஓட்டக் கூடாது.

இதைவிட எங்களுக்குப் பிடித்த வழி சங்கிலி ஜெபம். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 1727 ஆகஸ்டில் மொராவிய சபையார் 24 ஆண்களும் 24 பெண்களுமாக ஆளுக்கு ஒரு மணி நேரம் பிரித்துத் தொடங்கியது நூறு வருடத்துக்கு மேல் நின்றது. உங்கள் குழுவில் பன்னிரண்டு பேர் இருந்தால் மாலை ஆறு முதல் காலை ஆறு வரை அவரவர் வீட்டிலேயே நடத்தலாம். முடித்தவர் அடுத்தவரைத் தொலைபேசியில் எழுப்பினால் போதும்.

மூன்று நாள் உபவாச ஜெபத்தில் “வேலையை விட்டு மலேசியாவுக்குப் போ” என்று தெளிவாக உள்ளத்தில் வந்தது. முகவருக்கு முன்பணம் கட்டிவிடலாமா?
– வாசகர், ரங்கூன்

இன்றைக்குக் கட்டாதீர்கள். வந்ததைத் தேதி போட்டு அப்படியே எழுதி வையுங்கள். பசியும் தூக்கமின்மையும் இருக்கும்போது எந்த எண்ணமும் வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்கும். ஆவியின் உற்சாகத்தில் இருப்பவர் அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதபடி தடுக்க வேண்டும் என்று இஞ்ஞாசியாரும் எச்சரிக்கிறார். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிய ஒரு வாரத்துக்குப் பிறகு மறுபடி ஜெபியுங்கள். மனைவியிடமும் போதகரிடமும், அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரிடமும் பேசுங்கள். முகவரின் உரிமத்தையும் வேலை ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். தேவன் சொன்னது என்றால் காகிதத்தைச் சரிபார்ப்பதால் அது கெட்டுப்போகாது. “இன்றே கட்ட வேண்டும்” என்று அவசரப்படுத்துகிறவர் முகவராகத்தான் இருப்பார்.

மகனுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. குடும்ப ஜெபத்தில் பர்மிய மொழியில் ஜெபிக்கட்டுமா?
– வாசகி, மோல்மேன்

தாராளமாக. உங்கள் ஊரிலேயே அமெரிக்க மிஷனரி ஜட்சன் 1834-இல் முடித்த பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பு இருக்கிறது. அந்த நடை பையனுக்குக் கடினமாக இருந்தால் எளிய நடைப் பதிப்பு வாங்கிக் கொடுங்கள். நீங்கள் தமிழில் ஒரு சங்கீதம், அவன் பர்மிய மொழியில் அதே சங்கீதம் என்று மாற்றி மாற்றி வாசிக்கலாம். பாட்டு மட்டும் தமிழிலேயே இருக்கட்டும், காதால் கேட்டே கற்றுக்கொள்வான்.