333 நாள் வெயில்: ஏஜென்ட் கணக்கும் ஜன்னல் கணக்கும்

கேள்வி: நானும் மனைவியும் மென்பொருள் துறையில் இருக்கிறோம். கால்கரி, வான்கூவர், கிளாஸ்கோ என மூன்று ஊர்களில் வேலை வாய்ப்பு வந்திருக்கிறது. முன்பு ஓராண்டு ஸ்டாக்ஹோமில் இருந்தபோது, நவம்பர் பிறந்ததுமே மனைவிக்கு மனச்சோர்வு வந்துவிட்டது. வெளிச்சக் குறைவுதான் காரணம் என்றார் மருத்துவர். இப்போது எங்கள் ஏஜென்ட், "கால்கரியில் ஆண்டுக்கு 333 நாள் வெயில், நம்ம ஊர் மாதிரிதான் சார்" என்கிறார். இதை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: மூன்றில் கால்கரிதான் உங்களுக்குச் சரி. ஆனால் ஏஜென்ட் சொன்ன காரணத்துக்காக அல்ல.

333 என்பது பொய் எண் இல்லை. கனடா அரசின் வானிலைப் பட்டியலில் இருப்பதுதான். ஆனால் அது "அளக்கிற அளவுக்கு வெயில் பதிவான நாட்கள்" என்ற வரியில் வருகிறது. அங்கே அளவு என்பது ஒரு மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. காலையில் ஆறு நிமிடம் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு நாள் முழுக்க மேகத்துக்குள் போய்விட்டாலும் அது ஒரு "வெயில் நாள்". விளம்பரக்காரர்களுக்கு இந்த வரி மட்டும் எப்படியோ கண்ணில் பட்டுவிடும். அதே பட்டியலில் இருக்கும் மாதவாரி மணிக்கணக்கு படவே படாது.

ஆண்டு மொத்த மணிக்கணக்கையும் ஓரமாக வையுங்கள். நீங்கள் அவதிப்பட்ட ஸ்டாக்ஹோமே இதற்குச் சாட்சி. ஆண்டு மொத்தத்தில் அது லண்டனைவிட அதிக வெயில் வாங்கும் ஊர். கோடையில் பகல் பதினெட்டு மணி நேரம் நீளுவதால் மொத்தம் ஏறிவிடுகிறது. டிசம்பரில் பகலே ஆறு மணி நேரம்தான். வெயில் மாதம் முழுவதற்கும் முப்பது முப்பத்தைந்து மணி. ஜூலையில் கொட்டிய வெயிலைச் சேமித்து வைத்து டிசம்பரில் செலவழிக்க உடம்புக்கு வழியில்லை.

அதனால் நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்றை மட்டும் கூட்டுங்கள். 1981–2010 சராசரிப்படி கால்கரியில் இந்த மூன்று மாதத்துக்குச் சுமார் 355 மணி, வான்கூவரில் 177, கிளாஸ்கோவுக்குப் பக்கத்திலுள்ள பெய்ஸ்லி நிலையத்தில் 125 சுமார். ஒரு நாளைக்கு என்று பிரித்தால் கால்கரியில் நாலு மணிக்குச் சற்றுக் குறைவு, வான்கூவரில் இரண்டு, கிளாஸ்கோவில் ஒன்றரைகூட இல்லை. ஆண்டு மொத்தத்தில் கால்கரி 2,396, வான்கூவர் 1,938. வித்தியாசம் கால் பங்குதான் என்று தோன்றும். உங்களுக்குத் தேவையான மாதங்களில் அது இரண்டு மடங்கு.

வான்கூவர் மீது பசிபிக் கடல் மேகங்கள் வந்து மலையில் முட்டி மழையாகக் கொட்டுகின்றன. ராக்கி மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் காற்றில் ஈரம் வற்றிவிடுகிறது. கால்கரி அந்த வறண்ட பக்கத்தில் இருக்கிறது. வெயில் அடிக்கும்போதே மைனஸ் 25 டிகிரி குளிரும் இருக்கும் என்பதை ஏஜென்ட் சொல்லியிருக்க மாட்டார்.

இந்த எண்களை நீங்களே எடுக்கலாம். கனடா வானிலைத் துறையின் தளத்தில் கிளைமேட் நார்மல்ஸ் (முப்பதாண்டுச் சராசரி) பக்கத்தில் 1981–2010 பட்டியலுக்குப் போய், ஊர்ப் பெயருக்குப் பதில் விமான நிலையத்தின் பெயரில் தேடி, நீளப் பட்டியலில் கீழே கீழே இறங்கினால் பிரைட் சன்ஷைன் என்ற பகுதி வரும். பிரிட்டனுக்கு மெட் ஆபீஸ் தளத்தில் நிலையவாரிச் சராசரி இருக்கிறது. கிளாஸ்கோவுக்குப் பெய்ஸ்லி நிலையத்தைப் பாருங்கள். லட்சக்கணக்கில் ஆட்களை அழைக்கிற நாடுகள் இந்த ஒரு எண்ணைக் குடிவரவுப் பக்கத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று தெரியவில்லை.

அளவைக் கருவியைப் பற்றி ஒன்றே ஒன்று. பழைய கணக்குகள் பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் கோளம் வெயிலைக் குவித்து அட்டையில் கருக்கிய கோட்டின் நீளத்தை வைத்து எடுத்தவை. மேகம் விட்டுவிட்டு வரும் நாளில் அந்தக் கோடு சற்று நீண்டுவிடும். எனவே இரண்டு ஊருக்கு இடையே பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அதைக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஊருக்கு அடிக்கிற வெயில் உங்கள் வீட்டுக்குள் வர வேண்டுமே. டிசம்பர் 21 அன்று உச்சிவேளையில் சூரியன் சென்னையில் 53 டிகிரி உயரத்தில் நிற்கும். கால்கரியில் பதினைந்தரை, கிளாஸ்கோவில் பதினொன்றுக்கும் கீழே. பதினைந்தரை டிகிரியில் நிழல் பொருளின் உயரத்தைப்போல் மூன்றரை மடங்குக்கு மேல் விழும். ஆறு மீட்டர் மாடி வீட்டின் நிழல் 21 மீட்டருக்கு மேல், அதாவது தெருவைத் தாண்டி எதிர்வீட்டுச் சுவரில் ஏறும். கிளாஸ்கோவின் நான்கு மாடி டெனமென்ட் (பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு) கட்டடத்தின் நிழல் எண்பது மீட்டரை நெருங்கும். அங்கே எதிர்வரிசைத் தரைத்தள வீட்டுக்கு மாதக்கணக்கில் நேர்வெயில் கிடையாது.

நம்மவர்கள் அங்கேயும் கிழக்குப் பார்த்த வீடு தேடுகிறார்கள். டிசம்பரில் கால்கரியில் சூரியன் உதிப்பதே தென்கிழக்கில். கிழக்கு ஜன்னலைச் சாய்வாகத் தொட்டுவிட்டு உச்சிக்குள் நகர்ந்துவிடும். ஊரில் நாம் ஒதுக்குகிற தெற்குப் பக்கம்தான் அங்கே வெளிச்சம். வாசல் எந்தத் திசையில் இருந்தாலும் இருக்கட்டும்; கூடத்து ஜன்னல் தெற்கே இருக்க வேண்டும்.

கால்கரிக்குப் புதிதாகப் போகிறவர்கள் வாடகை குறைவு என்று பேஸ்மென்ட்டில், அதாவது வீட்டின் நிலத்தடித் தளத்தில், குடியேறுவது வழக்கம். மண் மட்டத்தில் ஒரு முழ ஜன்னல், அதன் முன்னே தகரத் தொட்டி, தொட்டி நிறையப் பனி. 355 மணி வெயிலும் உங்கள் தலைக்கு மேலே போய்விடும். ஸ்டாக்ஹோமிலிருந்து தப்பி ஸ்டாக்ஹோமுக்கே போன கதைதான். ஆகவே பேஸ்மென்ட் வேண்டவே வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு: வாக்அவுட் பேஸ்மென்ட். சரிவான மனையில் கட்டிய வீட்டுக்கு, தெருப் பக்கம் பார்த்தால் அது நிலத்தடி. பின்பக்கம் முழுத்தரைக்குத் திறக்கும், ஆளுயரக் கண்ணாடிக் கதவோடு. அந்தப் பின்பக்கம் தெற்காக இருந்து, எதிரே உயரமான வீடு இல்லாமல் இருந்தால் மேல்மாடி வீட்டுக்குச் சமமான வெளிச்சம் கிடைக்கும். மேலே பால்கனி நீட்டிக்கொண்டிருந்தாலும் பயமில்லை. குளிர்காலச் சூரியன் தாழ்ந்தே வருவதால் அடியில் புகுந்துவிடும். ஆனால் இதற்குள்ளும் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது. பள்ளத்திலிருந்து படியேறி வெளியே வருகிற வாக்அப் வகையையும், வெறுமனே தனி வாசல் இருப்பதையும் "வாக்அவுட்" என்று விளம்பரம் செய்கிறார்கள். கதவைத் திறந்ததும் கண்முன் புல்தரையா, கான்கிரீட் சுவரா என்று கேளுங்கள். புல்தரை என்றால் வாக்அவுட்.

இந்த ஏஜென்ட்டுகளின் இன்னொரு பழக்கம், ஜூன் மாதத்தில் எடுத்த படத்தை அனுப்புவது. படத்தில் மரத்தில் இலை இருந்தால் அந்தப் படத்தை வெளிச்சத்துக்கு ஆதாரமாக எடுக்காதீர்கள். வீட்டிலிருப்பவரை உள்ளூர் உச்சி நேரத்தில் வீடியோ அழைப்பில் வரச் சொல்லி, கூடத்து ஜன்னல் முன் நின்று போனில் திசைகாட்டியைக் காட்டச் சொல்லுங்கள். முகவரியை சன்கால்க் போன்ற சூரியப் பாதைத் தளத்தில் போட்டு, தேதியை டிசம்பர் 21 என்று மாற்றினால் சூரியன் எந்தக் கோணத்தில் வரும் என்று கோடு போட்டுக் காட்டும். அந்தக் கோட்டில் என்ன கட்டடம் நிற்கிறது என்பதைத் தெருக்காட்சிப் படத்தில் பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை.

பார்க்காத வீட்டுக்கு "இடம் பிடிக்க" மூன்று மாத முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கால்கரி இருக்கும் ஆல்பர்ட்டாவில் முன்பணம் ஒரு மாத வாடகையைத் தாண்டக் கூடாது, வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியாவில் அரை மாதம், கிளாஸ்கோ இருக்கும் ஸ்காட்லாந்தில் இரண்டு மாதம். கனடாவுக்குக் கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்கிறவர் கனடாவில் பதிவான வழக்கறிஞராகவோ, அந்நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் பதிவு எண் வைத்தவராகவோ இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் கோபப்படுகிறவரிடம் உங்களுக்கு வேலை இல்லை.

மனைவியின் உடல்நிலை பற்றி இரண்டு விஷயம். மனச்சோர்வுக்கு உதவும் வெளிச்சம் கண் வழியாக வேலை செய்கிறது. வைட்டமின் டி தோல் வழியாக. தெற்கு ஜன்னல் முதலாவதுக்கு உதவும், இரண்டாவதுக்கு உதவாது; அதற்குத் தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். குளிர்காலத்தில் அந்த அட்சரேகைகளில் வெளியே நின்றாலும் அது ஏறக்குறைய கிடைக்காது. பிரிட்டன் சுகாதாரத் துறை இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் நாளுக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், எடுக்கச் சொல்கிறது. கருத்த தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பது பற்றி யோசிக்கச் சொல்கிறது.

அலுவலகத்தில் விளக்கு வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரைதான் இருக்கும். மேகம் மூடிய நண்பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம் வெளியே நடக்க விடுகிற வேலையா என்று சேரும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிகிச்சை விளக்கு வாங்குவதானால் 10,000 லக்ஸ் என்று பெட்டியில் போட்டிருப்பது எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் என்று பாருங்கள். மலிவான விளக்குகளில் அது பத்துப் பதினைந்து சென்டிமீட்டராக இருக்கும். மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு யாரும் அரை மணி நேரம் உட்கார முடியாது. கண் நோயோ, மனநிலை மிகையாக ஏறி இறங்கும் சிக்கலோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அந்த விளக்கைத் தொட வேண்டாம். எப்படியும் அக்டோபருக்குள் அவரைப் பார்த்துவிடுங்கள். நவம்பரில் அறிகுறி வந்த பிறகு புது ஊரில் மருத்துவர் தேடி அலைய வேண்டாம்.