கடனைக் குறைப்பதாகச் சொல்லி வாங்கிய ஃபீஸ் திரும்பி வருமா?

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் சிலர், கிரெடிட் கார்டு கடனைப் பேசிக் குறைத்துத் தருவதாகச் சொல்லும் ‘டெட் செட்டில்மென்ட்’ கம்பெனிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் கேள்விகள் என்பதால் இந்த முறை அவற்றுக்கு மட்டுமே பதில்.

கேள்வி: 2022-ல் என் கணவருக்கு வேலை போனது. ஆறு கார்டுகளில் சேர்ந்து 34,000 டாலர் கடன். விளம்பரத்தைப் பார்த்து ஒரு கம்பெனிக்குப் போன் செய்தேன். கார்டுகளுக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டு, மாதம் 610 டாலரை அவர்கள் சொன்ன கணக்கில் போடச் சொன்னார்கள். எட்டு மாதம் போட்டேன். ஒரு கார்டுகூட செட்டில் ஆகவில்லை. ஆனால் ஃபீஸ் என்று 2,900 டாலரைக் கழித்துவிட்டார்கள். வெறுத்துப்போய் அத்தோடு விட்டுவிட்டேன். இப்போது அந்தக் கம்பெனி அரசாங்கத்தோடு சமரசம் செய்துகொண்டு பணத்தைத் திருப்பித் தரப்போவதாகக் கேள்விப்பட்டேன். எங்கே விண்ணப்பிப்பது? வக்கீல் வைக்க வேண்டுமா? — வாசகி, நியூ ஜெர்சி

நீங்கள் 2,900 டாலரைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டது 1,980 டாலர். எட்டு மாதம், மாதம் 610 என்றால் 4,880 ஆகிறது. ஃபீஸ் போக மிச்சம் 1,980 எங்கே? அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

அந்த மிச்சப் பணத்துக்கு எந்த சமரசமும் தேவையில்லை, எந்த அரசு அலுவலகத்தின் தயவும் தேவையில்லை. அது உங்கள் பணம். எஃப்.டி.சி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும், வணிக மோசடிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் டெலிமார்க்கெட்டிங் (போன் வழி விற்பனை) விதிப்படி, இப்படிச் சேமிக்கச் சொல்லும் கணக்கு வாடிக்கையாளருக்கே சொந்தம். அதில் வட்டி வந்தால் அதுவும் அவருக்கே. எப்போது வேண்டுமானாலும் திட்டத்திலிருந்து விலகலாம், அதற்கு அபராதம் போடக்கூடாது. விலகுகிறேன் என்று சொன்ன ஏழு வேலை நாட்களுக்குள், முறைப்படி சம்பாதித்த ஃபீஸ் போக மீதியைக் கொடுத்துவிட வேண்டும். ஆகவே கம்பெனிக்கும், அந்தக் கணக்கை நடத்துகிற நிறுவனத்துக்கும் இன்றே எழுத்தில் கேளுங்கள். போனில் பேசினால் பேச்சு காற்றோடு போய்விடும். கணக்கை நடத்துகிறவர்கள் ‘எங்களுக்கு ஒன்றும் தெரியாது’ என்று கையை விரிக்க முடியாது. 2014-ல் குளோபல் கிளையன்ட் சொல்யூஷன்ஸ் என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தின் மீதே நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையமான சி.எஃப்.பி.பி. நடவடிக்கை எடுத்தது. சட்டவிரோதமாக முன்கூட்டி ஃபீஸ் வசூலிக்க உதவியதாகக் குற்றச்சாட்டு. 60 லட்சம் டாலர் வாடிக்கையாளர்களுக்கு, 10 லட்சம் டாலர் அபராதம் என்று அது முடிந்தது.

இனி அந்த 2,900. போனில் பேசி விற்ற கடன் குறைப்புச் சேவைக்கு முன்கூட்டியே ஃபீஸ் வாங்கக்கூடாது என்பது 2010 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கும் விதி. அவர்கள் கூப்பிட்டாலும் சரி, உங்களைப் போல விளம்பரம் பார்த்து நாமே கூப்பிட்டாலும் சரி, விதி ஒன்றுதான். ஒரு கடனையாவது பேசி முடித்திருக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு நீங்கள் சம்மதித்திருக்க வேண்டும். அதன்படி கடன் கொடுத்தவருக்கு ஒரு தவணையாவது போயிருக்க வேண்டும். அதன் பிறகுதான் ஃபீஸ். அதுவும் முடிந்த அந்தக் கடனுக்கு உரிய பங்கு மட்டும். ஆறில் ஒன்று முடிந்தால் ஆறுக்கும் சேர்த்து வாங்க முடியாது. உங்கள் விஷயத்தில் ஒன்றுமே முடியவில்லை. அப்படியானால் ஒரு டாலர்கூட வாங்கியிருக்கக் கூடாது.

விண்ணப்பிக்க வேண்டுமா என்றால், பெரும்பாலும் வேண்டாம். நம்மூரில் நிவாரணம் என்றாலே மனு, நகல், வரிசை என்று பழகிவிட்டோம். இந்த வழக்குகளில் யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்பது கம்பெனியின் கணக்கிலேயே இருக்கிறது. அரசு அந்தப் பட்டியலை வாங்கி, பணம் பிரித்துக் கொடுப்பதற்கென்றே இருக்கும் ஒரு தனியார் நிர்வாக நிறுவனத்திடம் ஒப்படைத்து, நேராகச் செக் அனுப்பிவிடுகிறது. கம்பெனியின் பதிவுகள் அரைகுறையாக இருந்தால் மட்டும் விண்ணப்பப் படிவமும் கடைசித் தேதியும் அறிவிப்பார்கள். உங்கள் வழக்கு இதில் எது என்பதை எஃப்.டி.சி. தளத்தின் ரீஃபண்ட் பகுதியிலோ, சி.எஃப்.பி.பி. தளத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கான பணம் பற்றிய பக்கத்திலோ கம்பெனி பெயரைத் தேடிப் பாருங்கள். இரண்டிலும் இல்லாவிட்டால் உங்கள் மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகத் தளத்தில் பாருங்கள். வக்கீல் தேவையில்லை. செக் அனுப்ப உங்களிடம் யாரும் ஒரு சென்ட்கூடக் கேட்க மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது முகவரியைச் சரிபார்ப்பதுதான். கம்பெனியிடம் 2022-ல் கொடுத்த முகவரியில் இப்போதும் இருக்கிறீர்களா? இல்லையென்றால் நிர்வாக நிறுவனத்தைக் கூப்பிட்டுப் புது முகவரியைப் பதியுங்கள். ஒப்பந்தம், மாதாந்திர ஸ்டேட்மென்ட், பாங்க் கணக்கில் பணம் போன வரிகள், வந்த மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். செக் தொகை குறைவாகத் தெரிந்தால் பேச அதுதான் ஆதாரம்.

குறைவாக வருமா? வரலாம். கம்பெனியிடம் எவ்வளவு பணம் மிஞ்சியிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. 2019-ல் ஃப்ரீடம் டெட் ரிலீஃப் வழக்கு 2 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்கு, 50 லட்சம் டாலர் அபராதம் என்று சமரசமானது. அதில் ஒரு குற்றச்சாட்டு வேடிக்கையானது: வாடிக்கையாளரையே பாங்கோடு பேசிக் கடனைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அதற்கும் தாங்கள் ஃபீஸ் போட்டார்களாம்! அந்த நிறுவனத்திடம் கொடுக்கப் பணம் இருந்தது. கலிஃபோர்னியாவின் மார்கன் டிரெக்ஸன் வேறு கதை. 2016-ல் 13 கோடி டாலருக்கு மேல் திருப்பித் தரச் சொல்லித் தீர்ப்பு வந்தது. ஆனால் கம்பெனி அதற்குள் திவாலாகிவிட்டிருந்தது.

திவால் என்றால் பட்டை நாமம்தானா? அங்கேதான் சி.எஃப்.பி.பி.-யிடம் எஃப்.டி.சி.-யிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. பல வழக்குகளில் வசூலாகும் அபராதம் ஒரு பொது நிதியில் சேர்கிறது. ஒரு கம்பெனியிடம் பணம் இல்லாவிட்டால், வேறு கம்பெனி கட்டிய அபராதத்திலிருந்து அதன் வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கலாம். இதன் பெரிய உதாரணம் கடன் குறைப்பு வழக்கு அல்ல, அதன் பங்காளியான, கடன் நம்பகத்தன்மைக்கான மதிப்பெண்ணை (கிரெடிட் ஸ்கோர்) உயர்த்தித் தருவதாகச் சொல்லும் தொழில் பற்றியது. லெக்ஸிங்டன் லா என்ற பெயரில் நடந்த அந்தத் தொழிலிலும் சட்டவிரோத முன்பணம்தான் பிரச்சினை. கம்பெனிகள் திவால் மனு போட்டன. 2024 டிசம்பரில் அந்தப் பொது நிதியிலிருந்து 43 லட்சம் பேருக்கு 180 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஒருவர்கூட அதற்காக மனு போடவில்லை. 2025 முதல் சி.எஃப்.பி.பி.-யின் கையைப் பல விதத்தில் கட்டியிருக்கிறார்கள். அதனால் புது வழக்குகளில் மாநில அரசுகளையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் கார்டுகளுக்குக் கட்டுவதை நிறுத்தியதால் பாங்க் வழக்குப் போட்டிருந்தால் சம்மனைத் தூக்கி மேஜையில் போட்டுவிடாதீர்கள். கம்பெனியிடமிருந்து ரீஃபண்ட் வருவதும் பாங்குக் கடன் நிற்பதும் தனித்தனி. பதில் போடாவிட்டால் தீர்ப்பு தானாக பாங்க் பக்கம் போய்விடும்.

கேள்வி: கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் 412 டாலருக்கு செக் வந்திருக்கிறது. பழைய கடன் குறைப்புக் கம்பெனியின் ரீஃபண்ட் என்று கடிதம் சொல்கிறது. போட்டால் கணக்கை உருவிவிடுவார்களோ என்று மனைவி பயப்படுகிறார். — வாசகர், டல்லஸ்

அவர் பயப்படுவது நல்லதுதான். ஆனால் அசல் செக்கும் இப்படித்தான் வரும். ரஸ்ட் கன்சல்டிங், எபிக், ஜே.என்.டி. போன்ற நிர்வாக நிறுவனங்கள்தான் அரசுக்காக இதை அனுப்புகின்றன. குப்பைக் கடிதம் என்று நினைத்துக் கிழித்துப் போடத்தான் தோன்றும். கடிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். எஃப்.டி.சி. தளத்துக்கு நீங்களாகப் போய், அந்த வழக்கின் பக்கத்தைத் திறந்து, அங்கே உள்ள நிர்வாக நிறுவனத்தின் பெயரும் எண்ணும் கடிதத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஒத்துப்போனால் தாமதிக்காமல் போட்டுவிடுங்கள். எஃப்.டி.சி. செக்குகளுக்குப் பொதுவாக 90 நாள் கெடு. பேபால் வழியாக வந்தால் 30 நாள்.

போலிக்கு ஒரு அடையாளம் உண்டு. செக்கைப் போட்டுவிட்டு ‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டோம், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்’ என்று போன் வந்தால் அது போலி.

கேள்வி: எனக்கு 3,200 டாலர் ரீஃபண்ட் காத்திருப்பதாகவும், 150 டாலர் ‘பிராசஸிங்’ கட்டினால் உடனே வாங்கித் தருவதாகவும் ஒருவர் கூப்பிட்டார். என் பழைய கம்பெனியின் பெயர், நான் சேர்ந்த மாதம் எல்லாம் சரியாகச் சொன்னார். — வாசகர், சான் ஹோசே

கட்டாதீர்கள். உங்கள் விவரம் அவருக்குத் தெரிந்திருப்பது நம்பிக்கைக்கான காரணம் இல்லை, சந்தேகத்துக்கான காரணம். ஒருமுறை ஏமாந்தவர்களின் பட்டியலைக் காசுக்கு விற்பது இந்த உலகத்தில் ஒரு தனித் தொழில். இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகச் சொல்பவர்களுக்கும் அதே டெலிமார்க்கெட்டிங் விதியில் ஒரு கட்டு உண்டு: மீட்ட பணம் உங்கள் கைக்கு வந்து ஏழு வேலை நாள் ஆன பிறகுதான் ஃபீஸ் கேட்கவே முடியும். அவர் 150 கேட்ட நொடியிலேயே விதியை மீறிவிட்டார். அந்த எண்ணையும் பேசிய தேதியையும் குறித்து எஃப்.டி.சி.-யில் புகார் பதியுங்கள்.

கேள்வி: எங்கள் கடனைக் கையாண்டது கம்பெனி இல்லை, வக்கீல் அலுவலகம். ஒரு நோட்டரி வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கினார். நேரில் நடந்ததால் முன்பணத் தடை செல்லாது என்கிறார்கள். உண்மையா? — வாசகர், வட கரோலினா

கால் உண்மை. நேருக்கு நேர் உட்கார்ந்து விளக்கி, அதன் பிறகு விற்பனையை முடித்தால் டெலிமார்க்கெட்டிங் விதியின் பெரும்பகுதியிலிருந்து விலக்கு உண்டு. அந்த ஓட்டையில் நுழையப் பார்த்ததாகத்தான் 2024 ஜனவரியில் ஸ்ட்ராட்டஜிக் ஃபைனான்ஷியல் சொல்யூஷன்ஸ் மீது சி.எஃப்.பி.பி.-யும் உங்கள் வட கரோலினா உட்பட ஏழு மாநிலங்களும் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோவில் வழக்குப் போட்டன. முன்னால் வக்கீல் பலகை, பின்னால் விற்பனைக் கம்பெனி; நோட்டரி வந்தது கையெழுத்து வாங்கத்தானே தவிர விளக்கம் சொல்ல அல்ல என்பது அரசுத் தரப்பின் வாதம். நீதிமன்றம் அந்தத் தொழிலை ரிசீவர், அதாவது நீதிமன்றமே நியமிக்கும் நிர்வாகி, பொறுப்பில் விட்டது.

உங்கள் வீட்டுக்கு வந்த நோட்டரியிடம் ஏதாவது கேள்வி கேட்டீர்களா, என்ன பதில் வந்தது, எத்தனை நிமிடம் இருந்தார் என்பதை நினைவிருக்கும்போதே எழுதி வையுங்கள். ‘அது எனக்குத் தெரியாது, ஆபீஸைக் கேளுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அது உங்களுக்குச் சாதகமான வரி. பாங்கிலிருந்து மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருந்தால், அடுத்த தவணைக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் முன்னால் பாங்கிடம் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பது தனிச் சட்டம்.

கேள்வி: 2021-ல் கோயம்புத்தூருக்குத் திரும்பிவிட்டேன். என் பெயருக்கு ரீஃபண்ட் செக் எடிசனில் உள்ள நண்பர் வீட்டுக்கு வந்திருக்கிறது. கூரியரில் வரவழைத்து இங்கே போடலாமா?

அமெரிக்கக் கணக்கை மூடாமல் வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் கூரியரில் வரவழைத்து, பின்புறம் கையெழுத்திட்டு, பாங்க் செயலியில் படம் எடுத்துப் போட முடியுமா என்று உங்கள் பாங்கிடம் கேளுங்கள். இந்தியாவிலிருந்து எல்லா பாங்குகளும் விடுவதில்லை. விடாவிட்டால், நீங்கள் கையெழுத்திட்ட செக்கைத் தபாலில் பாங்குக்கு அனுப்பலாம்.

அமெரிக்கக் கணக்கே இல்லையென்றால், இங்குள்ள பாங்கில் டாலர் செக்கை வசூலுக்குக் கொடுப்பது கடைசி வழி. வாங்க மறுக்கும் கிளைகளும் உண்டு. வாங்கினாலும் வாரக்கணக்கில் இழுத்து, கமிஷன் போக வருவதற்குள் 90 நாள் கெடு தாண்டிவிடக்கூடும். அதற்கு முன் நிர்வாக நிறுவனத்துக்கு எழுதி, மின்னணு முறையில் அனுப்புவார்களா, செக்கைப் புதுத் தேதியில் மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். நண்பரே உங்கள் பெயரில் கையெழுத்துப் போட்டுத் தன் கணக்கில் போட்டுக்கொள்ளட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: இரண்டு கார்டுகள் செட்டில் ஆனது. இப்போது 1099-சி என்று ஒரு படிவம் வந்திருக்கிறது. தள்ளுபடி ஆன கடனுக்கு வரியா?

ஆமாம். 600 டாலரோ அதற்கு மேலோ தள்ளுபடி செய்த பாங்க், அதை உங்கள் வருமானமாக வரித்துறைக்குச் சொல்லிவிடும். ஆனால் தள்ளுபடி ஆன நாளுக்கு முன் உங்கள் மொத்தக் கடன் மொத்தச் சொத்தைவிட அதிகமாக இருந்திருந்தால், அந்த வித்தியாசம் வரைக்கும் விலக்குக் கேட்கலாம். அதற்குப் படிவம் 982. சொத்துக் கணக்கில் ஓய்வூதிய சேமிப்பும் சேரும் என்பதை மறந்துவிடாதீர்கள். அன்றைய தேதிக்கான கணக்குகளை எடுத்துக்கொண்டு வரி ஆலோசகரிடம் போங்கள்.