அப்பா பெயரில் ஓர் உதவித்தொகை

கேள்வி: எங்கள் அப்பா அரசுப் பேருந்து நடத்துனராக இருந்தவர். போன தை மாதம் காலமானார். நாங்கள் நான்கு பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டு, அவர் எட்டாவது வரை படித்த ஊர் அரசுப் பள்ளியில் பிளஸ் டூவில் முதல் மதிப்பெண் எடுப்பவருக்கு ஒவ்வொரு வருடமும் அப்பாவின் நினைவு நாளில் உதவித்தொகை தரலாம் என்றிருக்கிறோம். பணத்தை வங்கியில் போட்டு வட்டியை மட்டும் எடுக்கலாம் என்கிறார் அண்ணன். டிரஸ்ட் பதிவு செய்ய வேண்டுமா?
- ஒரு வாசகர், விருத்தாசலம்

பதில்: முதலில் தேதி. தை மாதத்தில் கொடுக்காதீர்கள் தம்பி. பள்ளிக்கூடத்திலேயே தலை நரைத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வருவது மே மாதத்தில். அதிலிருந்து கல்லூரி திறக்கிற வரைக்கும்தான் இந்தப் பிள்ளைகளின் வீடுகளில் கை பிசைகிற காலம். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது, நல்ல விஷயம்தான். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வருகிற பணம். ஹாஸ்டல் அட்வான்ஸ், முதல் மாத மெஸ் பில், இரண்டு செட் துணி, இதெல்லாம் அதற்கு முன்னால் வேண்டும். அந்தச் சில ஆயிரத்துக்கு வழியில்லாமல் ஜவுளிக்கடை வேலைக்குப் போன பிள்ளைகள் எனக்குத் தெரிந்தே உண்டு. ஜூன் தாண்டிவிட்டால் அவர்களைத் திரும்ப இழுப்பது கஷ்டம். நினைவு நாளில் வீட்டில் படையல் போடுங்கள், பணத்தை மே கடைசியில் கொடுங்கள்.

அடுத்தது, முதல் மதிப்பெண். அந்தப் பிள்ளைக்கு ஊரே பரிசு தரும். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடுகிறது. உங்கள் பணம் தேவைப்படுவது 370, 400 மதிப்பெண் எடுத்து, பி.ஏ., பி.காம். சேர ஆசைப்பட்டு, வீட்டில் வாய் திறக்காமல் இருக்கிற பிள்ளைக்கு. பாலிடெக்னிக், நர்சிங் போகிறவர்களையும் ஒதுக்காதீர்கள். யார் அந்தப் பிள்ளை என்று பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களுக்குத் தெரியும். தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டு பேரும் சொல்கிற பெயர் ஒன்றாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். வருமானச் சான்றிதழ், கட்டுரை என்று அலைய விடாதீர்கள். உங்கள் சொந்தக்காரர்களில் ஒருவரும் தேர்வில் தலையிடக் கூடாது. ஊர் என்றால் சாதியும் இருக்கும், நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் அண்ணனின் யோசனைக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில், 1,000 ரூபாய் வைப்புத்தொகை என்று ஒரு கல்வெட்டு இருந்தது. கொடுத்த காலத்தில் அது பெரிய பணம். வட்டியாக வந்தது 70 ரூபாய் சொச்சம். அதற்கு ஒரு பேனாவும் கைத்தட்டலும். வட்டியை மட்டும் எடுத்தால் முதல் அப்படியே இருக்கும், அதன் மதிப்புதான் இருக்காது. உங்கள் 4 லட்சத்துக்கு ஆறரை சதவீதம் கிடைக்கிறது என்று வைத்தால் வருடத்துக்கு 26,000. முதலையும் சேர்த்துப் பத்து வருடத்தில் தீர்த்துவிடுவது என்று முடிவெடுத்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 55,000. வருடம் ஒரு புதுப் பிள்ளையைச் சேர்த்து, முதல் வருடம் 25,000, அடுத்த இரண்டு வருடமும் 15,000 என்று கொடுத்தால் கணக்கு சரியாக வரும். ஒரே தடவை கொடுத்து போட்டோ எடுப்பதைவிட மூன்று வருடம் கூட நிற்பதுதான் எனக்குப் பிடிக்கும். இரண்டாம் வருடப் பணத்துக்குக் கல்லூரியின் பொனாஃபைடு சான்றிதழ் போதும். அரியர் இருக்கிறது என்று நிறுத்தாதீர்கள். கடைசிப் பிள்ளையும் படித்து முடிக்க வேண்டுமென்பதால், எட்டாவது வருடத்தோடு புதுப் பிள்ளைகளை எடுப்பதை நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சமிருந்தால் அப்போது யோசிக்கலாம்.

டிரஸ்ட் வேண்டாம். இந்தத் தொகைக்குப் பதிவு, பான் கார்டு, வருடாந்திரக் கணக்கு, வரித் தாக்கல் எல்லாம் வீண் அலைச்சல். வரிச்சலுகைக்காகக் கேட்கிறீர்கள் என்றால், புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு நன்கொடைச் சலுகையே கிடையாது. அம்மா இருக்கிறார் என்றால் வைப்புத்தொகையை அவர் பெயரில், உங்களில் ஒருவரைச் சேர்த்துப் போடுங்கள். மூத்த குடிமக்களுக்குப் பெரும்பாலான வங்கிகள் அரை சதவீதம் கூடுதல் வட்டி தருகின்றன. பணம் மாணவரின் கணக்குக்கே நேரடியாகப் போகட்டும், மேடையில் கவர் வேண்டாம்.

கேள்வி: என் மகளுக்கு ஒரு குடும்பத்தினர் படிப்புக்கு உதவுகிறார்கள். இதைச் சொன்னால் புதுமைப் பெண் பணம் நின்றுவிடுமா?
- ஒரு தாய், திண்டிவனம்

பதில்: நிற்காது. வேறு உதவித்தொகை வாங்குகிறவர்களும் இந்தத் திட்டத்தில் பயன் பெறலாம் என்று விதியிலேயே இருக்கிறது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவள்தானே? அப்படியென்றால் மறைக்க ஒன்றுமில்லை, கல்லூரி அலுவலகத்தில் தைரியமாகச் சொல்லுங்கள்.