அமெரிக்காவில வீடு வாங்கேக்க கொமிஷன் ரிபேட்: கேளுங்கோ, சொல்லுறன்

கொழும்பில இருந்து அமெரிக்க வீட்டு புரோக்கர் கம்பனி ஒண்டுக்கு பைல் செக் பண்றதுதான் என்ர வேலை. அங்க வீடு வாங்கிற சொந்தக்காரருக்காக கேட்ட ஆக்களுக்கு பதில் கீழ.

தெஹிவளை அக்கா: தங்கச்சி டெக்சாஸில வீடு வாங்குறா. ஏஜென்ட் தன்ர கொமிஷன்ல பங்கு திருப்பித் தாறாராம். இது லஞ்சமோ?

இல்லை அக்கா, லஞ்சம் இல்லை. ஏஜென்ட் தன்ர கொமிஷன்ல ஒரு பங்கை வாங்கிறவருக்குத் திருப்பிக் குடுக்கிறதைத்தான் ரிபேட் எண்டுறது. 40 மாநிலம் அளவில அதைக் குடுக்கலாம், டெக்சாஸும் அதில ஒண்டு. 4 லட்சம் டொலர் வீடு, ஏஜென்டுக்கு 2.5 வீதம் எண்டா 10,000, அதில 40 வீதம் தாறன் எண்டா தங்கச்சிக்கு 4,000. ஆனா அந்தக் காசு க்ளோசிங் பேப்பர்ல, அதாவது வீடு கை மாறேக்க போடுற கணக்குப் பேப்பர்ல, வரவேணும், கடன் குடுக்கிற பாங்குக்கும் முன்னமே தெரியவேணும், சில பாங்க் கையில காசா குடுக்க விடாது, க்ளோசிங் செலவில கழிக்கச் சொல்லும். அதால ஏஜென்ட் வாயால சொன்னதை நம்பாம புரோக்கர் கம்பனியின்ர கையெழுத்தோட எழுத்தில வாங்கச் சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை தம்பி: நான் இங்க இருந்து ஆள் பிடிச்சுக் குடுத்தா ஒரு ஆளுக்கு 500 டொலராம். வாங்கலாமோ?

வாங்காதீங்க தம்பி. வெள்ளவத்தையில பிளாட் பார்க்கக் கூட்டிவந்த த்ரீவீல்காரருக்கும் ஒரு பங்கு போகும், அங்க அப்பிடி இல்லை. வீடு வாங்கிறவருக்குப் போறது ரிபேட், லைசன்ஸ் இல்லாத மூண்டாம் ஆளுக்குப் போறது வேற கதை, கிட்டத்தட்ட எல்லா மாநில லைசன்ஸ் சட்டமும் அதை மறிக்கும். பாங்க் கடனோட வாங்கிற வீடெண்டா ரெஸ்பா எண்ட 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்ர 8ஆம் பிரிவும் இருக்கு: 10,000 டொலர் வரை தண்டம், ஒரு வருசம் வரை சிறை, குடுக்கிறவருக்கும் வாங்கிறவருக்கும்.

வெள்ளவத்தை: மச்சான் ஓரிகன்ல. ரிபேட் கிடைக்குமோ?

கிடையாது, அங்க ரிபேட்டுக்குத் தடை. அலபாமா, லூசியானாவும் அப்பிடித்தான். ஆனா 2024 ஆகஸ்ட் 17க்குப் பிறகு அங்க பெரும்பாலான ஏஜென்ட்மார் வீடு காட்ட முதலே எழுத்தில ஒப்பந்தம் போடவேணும், அதில கொமிஷனையே குறைச்சு எழுதச் சொல்லிக் கேக்கட்டும்.

பம்பலப்பிட்டி அண்ணை: தடை நல்லதுதானே? காசு ஆசை காட்டி மோசமான ஏஜென்ட் சனத்தை இழுப்பான்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டன் அண்ணை. தடையால லாபம் யாருக்கு? விலையில போட்டி போட விரும்பாத ஏஜென்டுக்கு. கென்டக்கியில மாநில ரியல் எஸ்டேட் கமிஷனே ரிபேட்டைத் தடுத்து வச்சிருந்தது, 2005இல அமெரிக்க நீதித்துறை போட்டிச் சட்டத்தில வழக்குப் போட்ட பிறகுதான் விட்டவை. நியூ ஜெர்சி 2010இல சட்டத்தையே மாத்தினது.

திரும்ப அவர்: வழக்குப் போட்டா சரியெண்டு ஆகுமோ? ரிபேட் குடுக்கிறவன் வேலையைக் குறைப்பானே.

குறைக்கலாம், முழுக் கொமிஷன் வாங்கிறவனும் குறைக்கிறான். என்ன வேலை செய்வான் எண்டு ஒப்பந்தத்தில எழுதி வாங்கினா ரெண்டு பேரையும் பிடிக்கலாம். தன்ர காசு எங்க போகுது எண்டு வாங்கிறவர் தெரிஞ்சு தீர்மானிக்கட்டும், அதை சட்டம் போட்டு மறிக்கிறது அநியாயம்.

வத்தளை: பேப்பர்ல போடாம கையில தாறன் எண்டா?

வேண்டாம். மேல சொல்லிட்டன். பாங்குக்கு மறைச்சா கடன் மோசடி.

மட்டக்குளி: டொரொன்டோவில எப்பிடி?

அது கனடா, வேற சட்டம். ஒன்டாரியோ எண்டா அங்க ஏஜென்ட்மாரைக் கண்காணிக்கிற ரெக்கோ எண்ட அமைப்பிட்ட கேக்கச் சொல்லுங்கோ.

தெஹிவளை அக்கா: தங்கச்சி அந்த 4,000க்கு வரி கட்டோணுமோ?

2007இல அமெரிக்க வரித் திணைக்களம் ஒருவருக்கு எழுதின கடிதத்தில ரிபேட்டை வருமானமா எடுக்கேல்ல, வீட்டு விலைக் குறைப்பா எடுத்தது. அது அந்த ஒருவருக்குத்தான் செல்லும், எண்டாலும் அதைத்தான் கனபேர் பார்த்து நடக்கினம். அப்ப கணக்குக்கு வீட்டின்ர விலை 3,96,000, பிறகு விக்கேக்க லாபத்தை அதில இருந்துதான் கணக்குப் பார்ப்பினம், க்ளோசிங் பேப்பரை பத்திரமா வைக்கச் சொல்லுங்கோ அக்கா.