ஏரியில் புரோட்டோசோவா எண்ணும் படிப்பை நம்பலாமா?

ஏரிநீரில் வாழும் புரோட்டோசோவா எனும் ஒருசெல் நுண்ணுயிரிகளைப் பற்றித்தான் படிப்பேன் என்கிறாள் மகள், வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். புரோட்டோசோவா என்ற பெயரில் தேடினால் அதிகம் கிடைக்காது. நீரின் தரக் கண்காணிப்பு, மீன்வள ஆய்வு, மிதவையுயிரி வகைப்பாடு ஆகிய பெயர்களில் தேடச் சொல்லுங்கள். இந்த வேலை அவற்றுக்குள்தான் இருக்கிறது.

பெரிய ஏரிகளில் பாக்டீரியாவைக் கசையுயிரிகள் (சாட்டை போன்ற இழையால் நீந்தும் புரோட்டோசோவா) தின்கின்றன, அவற்றைச் சிலியேட்டுகள் (உடலில் நுண்மயிர்கள் கொண்ட புரோட்டோசோவா), சிலியேட்டுகளைக் கோப்பிபாடுகள் எனும் சிறு ஓட்டுடலிகள், கோப்பிபாடுகளை மீன்குஞ்சுகள். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில் வெளியிலிருந்து வந்த குவாகா மட்டிகள் பெருகி வசந்தகாலப் பாசியை வடிகட்டித் தின்றுவிட்டன. இப்படி அடித்தளம் ஆட்டம் காணும்போது நடுவில் இருக்கும் நுண்ணுயிரிகளையும் எண்ணாமல் மீன்வளத்தைப் பற்றிப் பேச முடியாது.

எண்ணுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. நீரைப் புட்டியில்தான் எடுக்க வேண்டும். வலையில் எடுத்தால் பெரும்பாலான சிலியேட்டுகள் கண்ணி வழியே நழுவிவிடும், மீதி சிதைந்துபோகும். எடுத்த உடனே லூகால் கரைசல் (செல்களைக் கெடாமல் வைக்கும் அயோடின் கரைசல்) 1 முதல் 2 சதவீதம் சேர்த்து இருட்டில் வைக்க வேண்டும். பிறகு 50 மில்லி நீரைப் படிவுக் குழாயில் ஊற்றி, ஒரு நாளாவது அசையாமல் விட்டு, தலைகீழ் நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். குழாயில் காற்றுக்குமிழியோ மேசையில் அதிர்வோ இருந்தால் செல்கள் ஒரு பக்கமாகக் குவிந்து கணக்கு பிசகிவிடும். 100 செல் எண்ணினால் பிழை ஏறத்தாழ 20 சதவீதம். அதை 10 ஆகக் குறைக்க 400 எண்ண வேண்டும்.

லூகால் செல்லைச் சுருக்கும், பச்சையத்தின் ஒளிர்வையும் மறைத்துவிடும். அதனால் ஒளிச்சேர்க்கையும் செய்து இரையும் தின்னும் சிலியேட்டை அதில் பிரித்தறிய முடியாது. கசையுயிரிகளுக்குத் தனியாக நீர் எடுக்க வேண்டும்: குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தி, கறுப்பு வடிதாளில் ஒளிர்சாயம் ஏற்றிப் பார்ப்பார்கள்.

டி.என்.ஏ. வரிசையைப் படித்து இனம் காணும் முறை வந்தபின் நுண்ணோக்கி எதற்கு என்பார்கள். சிலியேட்டின் ஒரு செல்லிலேயே, இனம் காணப் பயன்படும் ரைபோசோம் மரபணு மிகப் பல நகல்களாக இருக்கும். அதனால் வரும் வரிசைகளின் எண்ணிக்கையை உயிர்த்திணிவாக (உயிரிகளின் மொத்த எடையாக) எடுத்துக்கொள்ள முடியாது. கண்ணால் இனம் காணவும் வரிசையைப் படிக்கவும் தெரிந்தவரே இங்கே தேவைப்படுகிறார். கூடவே புள்ளியியலும் ஆர் (R) என்னும் கணினி மொழியில் நிரலாக்கமும் கட்டாயம். அவை கைவசம் இருந்தால் ஏரியை விட்டாலும் வேலை உண்டு.

முதுகலையில் சேருமுன் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் எண்ணிப் பார்க்கட்டும். நாளுக்கு 5 மணிநேரம் கண்ணும் கழுத்தும் தாங்குகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும். சேரும் ஆய்வகத்தில் இரண்டைக் கேளுங்கள்: ஒரே ஏரியில் எத்தனை ஆண்டுத் தொடர் மாதிரிகள் இருக்கின்றன, இனம் காணக் கற்றுத்தருவது யார்? இரண்டாவதற்கு ஆளில்லை என்றால் வேறு ஆய்வகம் பாருங்கள்.