லாரித் தொழிலுக்கு வரும் மகன் எதைப் படிக்கலாம்?

மதிப்பிற்குரிய ஐயா,

தக்கலையில் மூன்று லாரிகள் வைத்துத் தொழில் நடத்தும் நீங்கள், பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் படித்துத் தேறிய மகனை இப்போதே தொழிலில் சேர்ப்பதா, மேலே படிக்க வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். தம்பிக்கே தொழிலில் விருப்பம் இருப்பதால் தடுக்க வேண்டாம். ஆனால் ஸ்டியரிங்கிலோ கணக்கு நோட்டிலோ தொடங்காமல், வண்டியின் அடியிலிருந்து தொடங்கட்டும்.

குளச்சலில் ஐஸ் போட்டு ஏற்றிய மீன் விடியுமுன் சந்தையில் இறங்கியாக வேண்டும். வழியில் பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஒரு ஏர் ஹோஸ் வெடித்துக் காற்றழுத்தம் இறங்கினால், பின்சக்கர பிரேக் தானாகவே பிடித்து வண்டி நின்றுவிடும், ஐஸ் கரையும், அன்றைய வாடகையோடு அந்த வியாபாரியும் நம் கையை விட்டுப் போய்விடுவார். மீன் லோடிலிருந்து வடியும் உப்புநீர் சேஸிஸ், போல்ட், வயரிங் என எல்லாவற்றையும் அரிக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் தேய்ந்த டயரும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் பலத்த காற்றில் நைந்த தார்ப்பாய்க் கயிறும் எவ்வளவு ஆபத்தானவை என்பதை நீங்களே நன்கு அறிவீர்கள். எட்டு ஆண்டு கடந்த வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும் என்றாலும், அந்த ஒரு நாளுக்காக மட்டும் வண்டியைச் சரிசெய்யும் வழக்கம் பல குடும்பங்களில் இருப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது, ஏனெனில் அந்த வண்டியில் போவது ஓர் ஓட்டுநரின் உயிர்.

எஞ்சின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் உங்கள் அனுபவம் பெரிய சொத்து. எனினும் 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் சென்சார்களும் புகை வடிகட்டியும் உள்ளன. பெரும்பாலான கனரக வண்டிகளுக்கு டீசல் தவிர, புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்புளூ என்ற திரவத்தையும் அதற்கான தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீட்டைப் படிக்க முறையான பயிற்சி தேவை.

ஆகவே பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ படிக்கட்டும். பிளஸ் டூ முடித்தவர் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால் இரண்டே ஆண்டுகளில் முடியும். கை வேலையில்தான் நாட்டம் அதிகம் என்றால், ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவும் தாழ்ந்ததன்று. நாகர்கோவிலில் கோணம் என்ற பகுதியில் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. இரண்டுமே அரசு நிறுவனங்களாக உள்ளன. இருவருமாக நேரில் சென்று பாடப்பிரிவுகளை விசாரியுங்கள். போக்குவரத்து வாகன உரிமம் பெற 20 வயது நிறைய வேண்டும் என்பதால், இந்தப் படிப்பால் தம்பிக்குக் காலம் வீணாகாது.

சேர்க்கை தொடங்கும்வரை ஒவ்வொரு வண்டிக்கும் தனி நோட்டுப் போட்டு, பிரேக் லைனிங் மாற்றிய தேதி, டயர் ஓடிய கிலோமீட்டர், காலையில் ஏர் டேங்கில் தண்ணீர் வடித்தது ஆகியவற்றைத் தம்பியின் கையாலேயே எழுத வையுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டுகளையும் எடுத்து வாருங்கள். எந்தப் படிப்பு பொருந்தும் என்பதை அவற்றைப் பார்த்தபின் தம்பியிடமே பேசி முடிவு செய்வோம்.