திருகாணிக்கு முன்னால் அரம்: செயின்சா கேள்வி-பதில்

கே: தென்னை அறுக்கும்போது மெஷின் இறங்கவே மாட்டேன் என்கிறது. அழுத்தினால் மரத்தில் புகை வருகிறது. கார்புரேட்டரை டியூன் செய்ய வேண்டுமா? (பட்டுக்கோட்டை)

கீழே விழுவது சீவலா, மாவு மாதிரித் தூளா? அதை எழுதாமல் கார்புரேட்டரைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தூள் விழுந்தால் செயின் மழுங்கிவிட்டது, அவ்வளவுதான். தென்னை நாரும் அடிமரத்து மண்ணும் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும். டேங்க் நிரப்பும்போதெல்லாம் பல்லுக்கு இரண்டு மூன்று இழுப்பு அரம் போடுங்கள். கார்புரேட்டர் திருகாணிக்கு முன்னால் அரம்.

கே: எந்த அரம் வாங்குவது?

செயினின் பிட்ச்சை (கண்ணிகளின் இடைவெளி, அங்குலத்தில்) பாருங்கள். லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) 3/8-க்கு 4 மி.மீ., .325-க்கு 4.8, பெரிய 3/8-க்கு 5.2 அல்லது 5.5. முன்னால் தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும்.

கே: நேராகப் பிடித்தாலும் வெட்டு ஒரு பக்கமாக வளைகிறது. (பண்ருட்டி)

கைக்கு வாகான பக்கத்தை நன்றாகத் தேய்த்து, மறுபக்கத்தை ஒப்புக்குத் தேய்த்திருப்பீர்கள். இருப்பதிலேயே குட்டையான பல்லின் நீளத்துக்கு எல்லாப் பற்களையும் கொண்டுவாருங்கள். அப்படியும் வளைந்தால் பாரின் (செயின் ஓடும் நீளத் தகடு) விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். செயின் தீட்டும்போதெல்லாம் பாரைத் திருப்பிப் போடும் பழக்கம் வேண்டும்.

கே: பல்லுக்கு முன்னால் இருக்கும் மேட்டை முழுக்கத் தேய்த்துவிட்டால் வேகமாக வெட்டுமாமே?

வெட்டும். அப்புறம் மெஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறும். பல்லைவிட மேடு சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருந்தால் போதும்.

கே: ஹெச் ஸ்க்ரூவை (முழு வேகத்தில் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் கார்புரேட்டர் திருகாணி) உள்ளே திருகினால் சத்தமும் வேகமும் கூடுகிறது. சில்வர் ஓக் அறுக்க நன்றாக இருக்கிறது. இன்னும் எவ்வளவு திருகலாம்? (ஏற்காடு)

இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. உள்ளே திருகத் திருக பெட்ரோல் குறைகிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் அந்தப் பெட்ரோலோடுதான் வருகிறது. அதாவது வேகத்தைக் கூட்டிக்கொண்டே பிஸ்டனுக்குப் போகும் ஆயிலைக் குறைக்கிறீர்கள். கத்துகிற மெஷின் பலமுள்ள மெஷின் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ! சைலென்சர் போல்ட்டுகளைக் கழற்றி, புகை வெளியேறும் துவாரம் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்திருந்தால் நீங்கள் ஏற்கெனவே கெடுத்துவிட்டீர்கள்.

சரியான முறை இதுதான். முதலில் ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். எல் (குறைந்த வேகத்துக்கான திருகாணி), ஹெச் இரண்டையும் லேசாக முட்டும்வரை உள்ளே விட்டு (இறுக்கினால் ஊசி முனை கெடும்), சுமார் ஒரு சுற்று வெளியே எடுங்கள். எஞ்சின் சூடானதும், மரத்தில் வைக்காமல் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் சத்தம் லேசாகப் 'படபட'வென்று உடைய வேண்டும். மரத்தில் இறக்கியதும் அது சீராக வேண்டும். காற்றிலேயே சீராகக் கத்தினால் பெட்ரோல் போதவில்லை. ஹெச்-ஐக் கொஞ்சம் வெளியே விடுங்கள்.

ஏற்காட்டுக்காரருக்கு இன்னொன்று. நீங்கள் இருப்பது சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்று அடர்த்தி குறைவு, ஹெச் சற்று உள்ளே இருப்பது நியாயம்தான். அதே மெஷினை 300 மீட்டரில் இருக்கும் சேலத்துக்கு இறக்கி அப்படியே ஓட்டினால் பிஸ்டன் சீஸ் ஆகும் (சிலிண்டரில் இறுகிச் சிக்கிக்கொள்ளும்). இறங்கியதும் திரும்ப டியூன் செய்யுங்கள். சில புது மாடல்களில் திருகாணியே கிடையாது, எல்லாம் ஆட்டோ. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

கே: பைக்கில் வடித்த பழைய ஆயிலை செயினுக்கு ஊற்றலாமா?

கூடாது. அதில் இருப்பது இரும்புத் தூள்.

கே: மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தது. இப்போது ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் உள்ளேயே இருக்கிறது. (குலசேகரம்)

ஏன் உள்ளே விட்டீர்கள்? இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், நாளானால் தண்ணீர் பிரிந்து அடியில் நிற்கும். பழையதைக் கொட்டிவிட்டு ஃபியூவல் ஃபில்டரை மாற்றுங்கள். கார்புரேட்டர் டயஃப்ரம் (உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு) விறைத்திருந்தால் ரிப்பேர் கிட் போட வேண்டியதுதான். இனி மெஷினை ஓரங்கட்டும் முன் டேங்கைக் காலிசெய்து, தானாக அணையும்வரை ஓட்டுங்கள்.

கே: மெஷின் ஓடவில்லை. என்ன செய்யலாம்?

என்ன மெஷின், எத்தனை சிசி, பிளக்கில் பொறி வருகிறதா, பிளக் நனைந்திருக்கிறதா? இதில் ஒன்றாவது எழுதியிருக்கலாம்.

கே: சூடானால் நின்றுவிடுகிறது, அரை மணி ஆறினால் ஓடுகிறது. (வால்பாறை)

நின்றதும் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தி இழுத்துப் பாருங்கள். ஓடினால் காற்று போகும் வழி அடைபட்டிருக்கிறது. ஓடாவிட்டால் சூட்டோடு பிளக்கைக் கழற்றிப் பொறி பாருங்கள். பொறி இல்லையென்றால் பெரும்பாலும் பொறி தரும் காயில் போயிருக்கும்.

கே: ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் செயின் சுற்றுகிறது. பரவாயில்லையா?

பரவாயில்லையாவா! ஐடில் ஸ்க்ரூவை (ஆக்ஸிலரேட்டர் விட்டபின் ஓடும் வேகத்துக்கான திருகாணி) குறையுங்கள். அப்படியும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் போயிருக்கும். மாற்றும்வரை மெஷினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.